தேக்கரண்டி

ஹல் துறைமுகத்துக்குப் பின்னால்
மீன் கிடங்கு ஒன்றைக் கழுவிக் காயவைத்து
படக் காப்பகம் ஆக்கியிருக்கிறார்கள்.
இன்னும் காய்ந்தபாடில்லை.

அங்கேதான் எனக்கு வேலை.
பழைய நைட்ரேட் சுருள்களை மோந்து பார்ப்பது.
அழுக்குக் காலுறை நாற்றம் அடித்தால்
சாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.
தேன்போல ஒழுகினால் போய்விட்டது.
பிறகு ஒரு வாளித் தண்ணீர், ஒரு படிவம், என் கையொப்பம்.

பிப்ரவரியில் மூன்று தகர டப்பாக்கள் வந்தன.
மூடியில் சாக்பீஸால் ஒரு பெயர்:
லைனல் கார்ஸ்டேர்ஸ்.

அவரை உங்களுக்குத் தெரியும்.
சாவித் துவாரத்தைக் கண்டால் உங்கள் முதுகு சில்லிடுவது அவரால்.
குரைத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு நாய்
சட்டென்று நிறுத்தினால்
கோப்பையைக் கீழே வைக்கிறீர்களே, அதுவும் அவரால்.

இவை அதற்கெல்லாம் முந்தியவை.
இருபத்தாறு, இருபத்தேழு. ஊமைப்படங்கள்.
ஒன்றில் பாதிரியாரின் சைக்கிள் தொலைகிறது, கிடைக்கிறது.
ஒன்றில் ரொட்டிக்கடைக்காரர் இருவர் ஒருத்தியைக் காதலிக்க
அவள் மூன்றாமவனோடு கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறாள்.
யாரும் சாகவில்லை.
ஒரு வாத்துகூட.

வயதான பிறகு யாரோ இவற்றைப் பற்றிக் கேட்டதற்கு
"கைப்பழக்கம். எரியட்டும்" என்றாராம்.
எரியவும் சோம்பல்பட்டுக் கிடந்திருக்கின்றன
விட்பியில் ஒரு பல் வைத்தியரின் நிலவறையில்.

மூன்றாவதை நகலெடுத்து
ஒரு செவ்வாய்க்கிழமை திரையிட்டோம்.
பதினோரு பேர்.
அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
பியானோவில் ஓஸ்வின் தாக்ரே.
படத்தை முன்கூட்டிப் பார்க்கமாட்டார்;
பார்த்தால் விரல் பொய் சொல்லும் என்பார்.

கடற்கரை விடுதி. வேலைக்காரியாக ஹெஸ்பர் லிட்ஜெட்.
மூன்றே படங்கள். அப்புறம் அவளைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை.
மாடிப்படி இறங்கி வருகிறாள்,
அவர் படத்து மாடிப்படியை நம்பக் கூடாது என்று
அறியாத ஒரே பெண்.
இரண்டிரண்டாய்த் தாவுகிறாள். ஏப்ரன் பறக்கிறது.

சமையலறை. காலை வெயில்.
நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர்.
அவள் கை
மேசை இழுப்பறைக்குள் போகிறது.

ஓஸ்வின் இடது கையைக் கனத்த சுரங்களுக்கு நகர்த்தினார்.
முன்வரிசைப் பெண் கணவனின் சட்டைக்கையைப் பிடித்தாள்.
மூன்று முறை பார்த்தவள் நான்,
நானும்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

தேக்கரண்டி.

பெரியவரின் அவித்த முட்டைக்கு.
தட்டுகிறாள், உடைகிறது, மீசையெல்லாம் மஞ்சள்.
இருபத்தாறில் இந்த இடத்தில் அரங்கம் அதிர்ந்திருக்கும்.
நாங்கள் சிரிக்கவில்லை.
கரண்டியை எங்கே வைக்கிறாள் என்று பார்த்தோம்.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம்.
எங்களுக்கு வெளுத்ததும்.
முப்பது வருஷம் கழித்து அவர் சிந்தப்போகும் ரத்தம்
பின்னோக்கி வழிந்து வந்து
இந்த முட்டைக்குள் சேர்ந்துவிட்டது.

கடைசிச் சுருள் தேனாகிவிட்டிருந்தது.
அதற்கு முந்தியதன் முடிவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
ஹெஸ்பர் கைப்பிடியில் கை வைக்கிறாள்.
ஓரத்திலிருந்து பொரிந்து பொரிந்து ஏறும் பூசணம்
அவள் தோளைத் தொட,
அவள் திரும்ப,

வெள்ளை.

அந்த வெட்டு அவருடையது அல்ல. ஈரம் வெட்டியது.
வெள்ளைத் திரைக்கும்
கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார் ஓஸ்வின்.

மழைக்கு ஒதுங்கியவர் குடையை உதறியபடி கேட்டார்:
"வெளியே யார்?"
தபால்காரர், என்றேன்.
பழைய தணிக்கைத் தாளில் அப்படித்தான் இருக்கிறது.
தபால்காரர், ஒரு கடிதம், கல்யாணம்.
அவர் நம்பவில்லை. வாசலில் நின்று
தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் மேசை விளக்கின் மேல்
மூலச் சுருளைக் கையால் பின்னோக்கிச் சுற்றினேன்.
கதவிலிருந்து கை விலகுகிறது.
மீசை சுத்தமாகிறது, முட்டை மூடிக்கொள்கிறது.
கரண்டியை இழுப்பறைக்குள் வைக்கிறாள்.
பிறகு மாடிப்படியில், முதுகுப்புறமாக,
கீழே பார்க்காமலே
தாவித் தாவி ஏறிப்போகிறாள்.